ஜல்லி அல்ல, பரல்

கிருஷ்ணகிரிக்காரனுக்கு ஜல்லி எதுவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பாறையை வெடிவைத்துப் பிளந்து, கிரஷரில் உடைத்து, முக்கால், ஒன்றரை என்று சலித்து லாரியில் ஏற்றுகிறோமே, அது. இங்கிலாந்துக் கரைகளைப் பற்றிய பாடக்குறிப்பில் உருண்டைக் கற்கள் நிறைந்த ‘ஷிங்கிள்’ கடற்கரையை ‘ஜல்லிக் கடற்கரை’ என்று எழுதியிருந்தார்கள். மூன்றாம் முறையாகக் கண்ணில் பட்டபோது பொறுக்கவில்லை.

கூரை வேயும் ஷிங்கிள் லத்தீன் வழி வந்த வேறு சொல். கரையின் ஷிங்கிள், கல் புரளும் ஓசையில் பிறந்தது என்பார்கள். அலை உருட்டி உருட்டி மழுக்கிய கற்கள் அவை. டார்செட்டின் செசில் கரை சுமார் 29 கிலோமீட்டருக்கு இப்படித்தான் கிடக்கிறது.

‘ரெண்டும் சின்னக் கல்தானே’ என்கிறார் ஆசிரிய நண்பர். ஐயா, ஜல்லிக்கு முனை உண்டு, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அதனால்தான் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுகிறார்கள். கரைக்கல் கவ்வாது, உருளும். ஏறிவரும் அலைநீர் கல்லிடுக்கில் இறங்கி வேகம் இழக்கிறது. சாய்வாக அடிக்கும் அலையோ கல்லைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகிறது. பெவன்சி விரிகுடாவில், சேர்ந்த இடத்துக் கல்லை லாரியில் அள்ளிவந்து குறைந்த இடத்தில் கொட்டுவது இதனால்தான். டெவனின் ஹால்சாண்ட்ஸில், கப்பல் துறை கட்டுவதற்காக ஊருக்கு முன்னால் கிடந்த கல்லைத் தோண்டி எடுத்தார்கள். அலையைத் தாங்கிய அரண் போனது. 1917 ஜனவரிப் புயலில் ஊரே போயிற்று. ‘ஜல்லி’ என்று படிக்கும் பிள்ளைக்கு இதில் எது விளங்கும்? ஜல்லியில் அஞ்சாங்கல் ஆடிப் பார்க்கட்டும், உள்ளங்கை சொல்லும்.

தென்பெண்ணையில் பொறுக்குவது கூழாங்கல். ‘கூழாங்கற்கரை’ என்றாலே போதும். கலைச்சொல்லாகச் சுருக்கம் வேண்டுமென்றால் ‘பரற்கரை’; பரல் என்றால் சிறுகல். பாலைவழிப் பரலும் உண்டு, அது காலைக் குத்தும் என்று புலவர்கள் வருவார்கள், தெரியும். ஆனால் கண்ணகி சிலம்புக்குள் ஒலித்ததும் பரல்தானே? ஓசையும் சேர்ந்தே வருகிறது.

அதே குறிப்பில், கரைக்குக் கல்லோ மணலோ கொட்டி நிரப்பும் ‘பீச் நரிஷ்மென்ட்’டைக் ‘கடற்கரை ஊட்டச்சத்து’ என்று போட்டிருக்கிறார்கள். சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்களோ என்னவோ. ‘கரை நிரப்பல்’ என்று எழுத என்ன தடை?