பாசியைத் தேய்க்கும் முன் விளக்கைப் பாருங்கள்

சென்னை கொளத்தூரில் மீன் வாங்கித் தொட்டி வைத்தவர்களிடமிருந்து மூன்றாவது வாரம் எனக்குப் போன் வரும். "கண்ணாடி முழுக்கப் பழுப்பா படியுது, தண்ணி கெட்டுப்போச்சா?" புதுத் தொட்டியில் அது வழக்கம்தான். டயாட்டம் எனும் பழுப்புப் பாசி. விரலால் துடைத்தாலே வந்துவிடும், சில வாரங்களில் தானாகவே குறையும். பச்சைப் பாசி அப்படி லேசில் போகாது.

போன மே மாதம் பெரம்பூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டடித் தொட்டி, நான்கு கோல்டு ஃபிஷ். கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. உள்ளே மீன் இருப்பதே தெரியவில்லை. அந்த அம்மா வாராவாரம் தண்ணீரை முழுக்க வடித்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசி வைக்கிறார். "மூணே நாள்ல திரும்பப் பச்சையாயிடுது தம்பி. இதுக்கு மேல எப்படிச் சுத்தமா வெக்கிறது?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்திருந்தது. அதற்கு முன்பே இரண்டு மீன்கள் செத்திருந்தன.

அந்த ஸ்பாஞ்சில்தான் தொட்டியின் உயிரே இருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் ஒட்டியிருக்கும். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரின் அதைக் கொன்றுவிடும். அப்புறம் தேங்குகிற அம்மோனியா மீனுக்கு விஷம், பாசிக்கு உரம்.

சைஃபன் குழாயைக் கூழாங்கல்லுக்குள் செருகினேன். ஊறிப்போன தீனி கரும்பழுப்புக் குழம்பாக வாளியில் வந்து விழுந்தது. லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டிருக்கிறார்கள். போதாததற்குக் கிழக்கு ஜன்னல் வெயில் நேராகத் தொட்டிமேல் விழுகிறது. விளக்கோ எல்லோரும் தூங்கப் போகும்வரை எரிகிறது.

ஜன்னல் பக்கக் கண்ணாடியில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினேன். நான்கு நாள் போர்வையால் தொட்டியை மூடச் சொன்னேன்: விளக்கு வேண்டாம், தீனி வேண்டாம், ஏர் பம்ப் மட்டும் நிற்கவே கூடாது. ஐந்தாம் நாள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினோம். அதன்பின் டைமர் போட்டு ஆறேழு மணி நேரம் மட்டுமே விளக்கு. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு தீனி. வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றம், அதுவும் ஆன்டி குளோரின் சொட்டு கலந்த பிறகே. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும். இரண்டு வாரத்தில் தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. இவ்வளவும் செய்து பாசி அடங்கவில்லையென்றால், நீங்கள் ஊற்றுகிற போர் தண்ணீரையோ லாரி தண்ணீரையோ நைட்ரேட் கிட் வைத்துச் சோதியுங்கள்.

பாசி கொல்லும் மருந்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவற்றில் பலவற்றில் தாமிரம் இருக்கும். இறாலும் நத்தையும் தாங்காது. செத்த பாசி மொத்தமாக அழுகும்போது ஆக்சிஜனையும் குடித்துவிடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊர் மே மாதத்தில் கரன்டும் போய்விட்டால், காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்கும்.

நீலப்பச்சை நிறத்தில் வழவழவென்று ஏடாகப் படர்ந்து, கிளறினால் நாற்றமடித்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. உறிஞ்சி வெளியே எடுங்கள். அந்த மூலையில் நீரோட்டம் படும்படி ஃபில்டரைத் திருப்புங்கள்.

பாசி தின்னும் என்று சக்கர் மீனைக் கொடுப்பார்கள். இரண்டங்குலக் குட்டியாக வருவது ஓரடிக்கு மேல் வளரும். அது போடும் கழிவே தொட்டிக்குப் பாரம். அதற்காகத் தயவுசெய்து ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். அங்கே பெருகி நாட்டு மீன்களின் இரையையும் முட்டையையும் தின்னும். வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.