தகுதித் தேர்வில் ‘தெரியாது’ என்று சொல்வது எப்படி

பொறியியல் ஆய்வு மாணவர்களுக்கான தகுதித் தேர்வுக் குழுவில் பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். குவாலிஃபையிங் என்றுதான் எங்களுக்குள் பேச்சு. பிஎச்டி சேர்ந்து பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள் தாண்ட வேண்டிய படி இது. சில துறைகளில் எழுத்துத் தேர்வு, சிலவற்றில் மூன்று நான்கு பேராசிரியர்கள் முன்னால் போர்டில் எழுதிக்கொண்டே பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வு, சிலவற்றில் இரண்டும். இதில் தோற்றவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வது ஒன்றேதான்: சரியாகப் படிக்கவில்லை. நான் பார்த்தவரை அப்படி இல்லை. தோற்ற பலரும் நிறையவே படித்திருந்தார்கள், ஆனால் அத்தனையும் தனியாக, ஓர் அறைக்குள் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் படித்தது.

ஒரு மாணவர். விமான இறக்கைப் பலகைகளின் வலிமையைக் கணினியில் கணக்கிடுவது அவருடைய ஆய்வு, கெட்டிக்காரர், முதல் பத்து நிமிடம் தன் ஆய்வைப் பற்றி அருவி மாதிரிப் பேசினார். அப்புறம் குழுவில் ஒருவர், ‘ஒரு முனை சுவரில் பதிந்த எஃகுப் பட்டை, மறுமுனையில் ஓர் எடை தொங்குகிறது, வரையுங்கள்’ என்றார். வரைந்தார். நீளத்தை இரட்டிப்பாக்கினால் முனை எவ்வளவு தாழும்? எட்டு மடங்கு, சரி. தடிமனை இரட்டிப்பாக்கினால்? எட்டில் ஒரு பங்கு, அதுவும் சரி. ‘சரி, எதையும் மாற்றாமல், இதே அளவில் இரண்டு மடங்கு வலிமையுள்ள எஃகைப் போட்டால்?’

‘பாதியாகக் குறையும், சார்.’

குறையாது. சாதாரண எஃகோ உயர் வலிமை எஃகோ, யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண், இரண்டுக்கும் ஏறக்குறைய 200 ஜிகாபாஸ்கல்தான். நிரந்தரமாக வளைந்துபோகாமல் எவ்வளவு சுமை தாங்கும் என்பதில்தான் வலிமையின் வேலை. அந்த எல்லைக்குள் எவ்வளவு தாழும் என்பதை முடிவு செய்வது விறைப்பு. இது இளநிலை இரண்டாம் வருடப் பாடம், அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

அந்தத் தவறுக்காக மட்டும் யாரும் அவரைத் தோற்கடித்திருக்க மாட்டோம். ‘உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?’ என்று கேட்டோம். நாங்கள் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் அது ஒரு கை கொடுத்தல், பொறி இல்லை. அவருக்கு அது மிரட்டலாகக் கேட்டது போல. மார்க்கரை இறுகப் பிடித்துக்கொண்டு அதே பதிலை இன்னும் சத்தமாகச் சொன்னார். தாழ்வுக்கான சூத்திரத்தை அவரே போர்டில் எழுதி வைத்திருந்தார், அதில் வலிமை என்ற சொல்லே கிடையாது. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். அதற்குப் பிறகு வந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

வேறு துறைகளிலும் கதை இதேதான். வினாடிக்கு 1000 முறை மாதிரி எடுக்கும் கருவியில் 900 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால் என்ன தெரியும் என்று கேட்டால், நைக்விஸ்ட் விதியை (மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதிக்குக் குறைவான அதிர்வெண்களைத்தான் சரியாகப் பதிய முடியும் என்பது) வரி பிசகாமல் ஒப்பிப்பவர்கள் உண்டு. திரையில் 100 ஹெர்ட்ஸ் அலை தெரியும் என்று வரைந்து காட்டுபவர்கள் குறைவு. குழாயில் ஓட்டம் எப்போது கொந்தளிப்பாகும் என்றால் ரெனால்ட்ஸ் எண் (வேகம், குழாய் விட்டம், பிசுபிசுப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் எண்) 2300 என்று டக்கென்று வரும். ‘2299-இல்?’ என்றால் சிரிப்பார்கள், பதில் வராது. நுழைவாயிலில் சலனமே இல்லாமல் பார்த்துக்கொண்டால் அந்த எண்ணைத் தாண்டி வெகுதூரம் சீராகவே ஓட வைக்கலாம் என்பதை 1883-லேயே ரெனால்ட்ஸ் தன் சோதனையில் கவனித்திருக்கிறார்.

ஆகவே தயாரிப்பு என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, இன்னொரு புத்தகம் வாங்காதீர்கள், இரண்டு பேரைப் பிடியுங்கள். உங்கள் துறை என்றால் நல்லது, பக்கத்துத் துறை என்றால் இன்னும் நல்லது, அவர்கள்தான் ‘ஏன்?’ என்று வெட்கப்படாமல் கேட்பார்கள். வாரம் இரண்டு முறை, போர்டு முன்னால் நின்று, கையில் குறிப்பு இல்லாமல், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு கணக்கைப் போடுங்கள். முதல் சில வாரம் கூச்சமாக இருக்கும், நாக்கு குழறும், தெரிந்தது எல்லாம் மறந்துபோகும். அது அங்கேயே நடந்து முடியட்டும். முக்கியமாக, பாதி வழியில் மாட்டிக்கொண்டு வெளியே வரப் பழகுங்கள்: அலகு சரிபார்ப்பது, நீளம் பூஜ்யமானால் என்ன ஆகும் முடிவிலியானால் என்ன ஆகும் என்று பார்ப்பது, ‘அது எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் இது தெரியும், இதிலிருந்து அதை வருவிக்க முயல்கிறேன்’ என்று சொல்வது. வெறும் ‘தெரியாது’ அங்கேயே முடிந்துவிடும். தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன் என்று சொன்னால் நாங்களும் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவோம்.

விதிமுறையை முதல் பருவத்திலேயே படித்துவிடுங்கள். எத்தனை வாய்ப்பு, எவ்வளவு கால இடைவெளி, எந்தப் பாடங்கள், உங்கள் நெறியாளருக்குக் குழுவில் வாக்கு உண்டா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், சீனியர் சொன்னது போன வருட விதியாக இருக்கலாம். பல இடங்களில் இரண்டாம் வாய்ப்பு உண்டு. ‘இந்தப் பாடத்தை எடுத்து முடி’ என்ற நிபந்தனையோடு தேர்ச்சி கொடுப்பதும் உண்டு. நெறியாளரிடம் இதைப் பற்றி மூன்று மாதம் முன்பே பேசுங்கள். ஆய்வுக் கட்டுரைக் கெடுவைக் காட்டி அவர் உங்கள் படிப்பு நேரத்தை விழுங்கப் பார்ப்பார், நானும் என் மாணவர்களிடம் அதைச் செய்திருக்கிறேன்.

அந்த மாணவர் ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். அதே பட்டையை எடை இல்லாமல் வரையச் சொல்லி, நீளம் இரட்டிப்பானால் அது இயல்பாக அதிரும் அதிர்வெண் என்ன ஆகும் என்று கேட்டோம். ‘சூத்திரம் ஞாபகம் இல்லை சார், வருவித்துப் பார்க்கிறேன்’ என்றார். விறைப்பு எட்டில் ஒன்றாகும், நிறை இரட்டிப்பாகும், இரண்டின் விகிதம் பதினாறில் ஒன்று, அதன் வர்க்கமூலம் கால், அதிர்வெண்ணும் கால் பங்காகும். நடுவில் ஒரு இடத்தில் தப்பாக எழுதி, தானே அழித்து, திருத்தினார். யாரும் ‘உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?’ என்று கேட்கவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.