சிங்கிள் மால்ட்: எது சிங்கிள், எது மால்ட்? (சொல் விளக்கம்)

சிங்கப்பூர்லேர்ந்தோ துபாய்லேர்ந்தோ லீவுக்கு வர்ற மச்சான் ட்யூட்டி ஃப்ரீல வாங்கியாற விஸ்கி பாட்டில்ல 'சிங்கிள் மால்ட்'னு போட்டிருக்கும், மன்னார்குடி கும்பகோணம் பக்கம் இப்ப எல்லாருக்கும் பழகின பேருதான், ஆனா அர்த்தம் கேட்டா ஒருத்தர் ஒரே பீப்பாய்ல எடுத்ததும்பார், இன்னொருத்தர் ஒரே வயல்ல விளைஞ்சதும்பார். ரெண்டும் இல்லீங்க.

மொதல்ல மால்ட். பழைய ஜெர்மானிய வழிச் சொல்லு, ஜெர்மன்ல இன்னிக்கும் மால்ட்ஸ்தான். முளை கட்டி காய வச்ச தானியம்னு அர்த்தம். டெல்டாக்காரங்களுக்கு இத பாடம் எடுக்கவே வேணாம். குறுவைக்கு விதை நெல்ல சாக்குல கட்டி ஒரு நாள் தண்ணில போட்டு, எடுத்து வடிய விட்டு வைக்கோல் போட்டு மூடி வச்சா, மறுநாள் கைய உள்ள விட்டா கணகணன்னு சூடா இருக்கும், நெல்லு மூக்குல வெள்ளையா முளை எட்டிப் பாக்கும். ஸ்காட்லாந்துல பார்லிக்கும் இதே வேலைதான். ரெண்டு மூணு நாள் ஊற வச்சு, தரையில பரப்பி முளைக்க விட்டு, வேர் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்காம, சூடேறாம மரச் சவளால புரட்டிக்கிட்டே இருப்பாங்க. இப்ப பெரும்பாலும் மெஷின், லஃப்ராய்க், பௌமோர் மாதிரி சில விஸ்கி ஆலைங்க மட்டும் ஒரு பங்க இன்னும் தரையிலேயே செய்றாங்க.

நாம அந்த முளைய நாத்தங்கால்ல தெளிச்சு வளர விடுறோம், அவங்க சூளையில காய வச்சு அதோட நிறுத்திடுறாங்க. ஏன்னா முளைக்கறப்பதான் மாவுச்சத்த சர்க்கரையாக்குற என்சைம் உண்டாவுது, அதுக்கு மேல விட்டா சத்தெல்லாம் செடிக்குப் போயிடும், சர்க்கரைய தின்னு சாராயமாக்குற ஈஸ்ட்டுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

ருசியும் இந்த சூளையிலதான் பிரியுது. ஸ்காட்லாந்தோட ஐலா தீவுல பீட்டுனு சதுப்பு நிலத்துல மக்கிக் கிடக்கற செடிக்கட்டிய வெட்டி எரிப்பாங்க, ஈரமான பார்லில அந்தப் புகை ஏறிக்கும். அந்தத் தீவு லஃப்ராய்க்ல வர்ற புகையும் டிஞ்சர் நெடியும் முக்கியமா இதனாலதான், விஸ்கி ஊற வைக்கற பீப்பாய உள்பக்கம் தீயால கருக்குறதால இல்ல. ஸ்காட்லாந்துலயே ஸ்பேசைடு பக்கத்து கிளென்லிவெட் ஆலை விஸ்கில புகை கிடையாது, ஆப்பிள் மாதிரி பழ வாசனை வரும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, சோடா கோலா எதுவும் கலக்காம, மொதல்ல மோந்து பாத்துட்டு நாலு சொட்டு தண்ணி விட்டு திரும்ப மோந்து பாருங்க, வாசனை விரியறது நல்லாவே தெரியும்.

இனி சிங்கிள். அது எண்ணிச் சொல்றது ஆலைய. ஒரே டிஸ்டில்லரில, முளைகட்டின பார்லில மட்டும், பாட் ஸ்டில்ங்கற செம்புக் கொப்பரையில காய்ச்சி வடிச்சு, ஓக் பீப்பாய்ல குறைஞ்சது 3 வருஷம் வச்சிருந்தா ஸ்காட்ச், அதாவது ஸ்காட்லாந்து விஸ்கிக்கான சட்டப்படி சிங்கிள் மால்ட். அதே ஆலையோட நூறு பீப்பாய கலந்தாலும் சிங்கிள்தான். பல ஆலை மால்ட்ட சேத்தா பிளெண்டட் மால்ட், கூட கோதுமை, மக்காச்சோளம் மாதிரி மத்த தானியத்துலயும் வடிக்கற கிரெய்ன் விஸ்கியும் சேந்தா வெறும் பிளெண்டட், ஜானி வாக்கர் பிளாக் லேபிள் அந்த வகை.

தமிழ்ல? 'ஒற்றை மால்ட்'னு எழுதுறது தப்பு, ஒற்றைங்கறது ஆலைய சேந்தது. தேறல் அழகான சொல்லுதான், ஆனா சங்கப் பாட்டுல அது தெளிஞ்ச கள்ளுக்கு வர்ற பேரு, காய்ச்சி வடிச்சதுக்கு இல்ல. முளை நமக்குப் புதுசும் இல்ல, பெரும்பாணாற்றுப்படைல அரிசிக் களியில 'நல்லடை' கலந்து சாடியில விளைய வைக்கறத சொல்லியிருக்கு, அந்த நல்லடைய நச்சினார்க்கினியர் முளைன்னுதான் உரை சொல்றார். அதனால மால்ட்டுக்கு 'முளைதானியம்', சிங்கிள் மால்ட்டுக்கு 'ஓராலை முளைவடி', இதுதான் சரின்னு நான் நெனக்கிறேன்.

பெங்களூரு அம்ருத் ஆலையோட ஃப்யூஷன்ங்கற விஸ்கில நம்ம நாட்டு பார்லியும் ஸ்காட்லாந்துலேர்ந்து வந்த பீட் புகை ஏறின பார்லியும் ரெண்டும் இருக்கு. ஆனா வடிச்சது ஒரே ஆலைல, அதனால அதுவும் ஓராலை முளைவடிதான்.