சேற்றுக்குள் இருந்து வரும் காய்ச்சல்

வன்னியில் காலபோக மழை இறங்கினால் காய்ச்சலும் கூடவே வரும். டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் முதலில் எல்லோருக்கும் எண்ணம் ஓடும். அது சரிதான். ஆனால் சீனி வருத்தமுள்ள ஒரு கமக்காரருக்குக் காய்ச்சலும் இருமலும் விடாமல் நிற்கிறது, எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் தெரிகிறது, சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்றால், மெலியொய்டோசிஸையும் யோசிக்க வேண்டும்.

1912 இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இரு டொக்டர்கள் விவரித்த நோய் இது. இதன் கிருமி ஈரமண்ணிலேயே வாழ்வது. காலில் உள்ள சிறு வெட்டு வழியாகவோ, குடிக்கும் நீரிலோ, புயல் மழையில் மூச்சோடோ உள்ளே போகும். நல்ல உடம்புக்காரரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சீனி கூடினால் வெள்ளையணுக்கள் மந்தமாகிவிடும், அப்போதுதான் ஆபத்து. விழுங்கிய வெள்ளையணுவுக்குள்ளேயே சாகாமல் பெருகி, பக்கத்துக் கலத்தோடு அதை ஒட்டவைத்து அப்படியே நகர்கிற கிருமி இது. ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் வருவது அதனால்தான்.

கண்டுபிடிப்பது கல்ச்சரில்தான், அதாவது கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்ப்பதில். அன்டிபயோடிக் ஏற்றுமுன் இரத்தம் எடுத்துவிட வேண்டும். சிறுநீர், சளி, சீழ், தொண்டைச் சளி எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினால் நல்லது. வளர்க்கும் தட்டில் முதலில் சாதாரண வெண்மைப் புள்ளிகளாகத்தான் வளரும். வெளியில் இருந்து கலந்த கிருமி என்று தூக்கி எறியப்படுவது இந்த இடத்தில்தான். தட்டில் மூன்று மருந்து வில்லைகளை வைத்தால் குட்டு வெளிப்படும்: ஜென்டமைசின், கொலிஸ்டின் இரண்டையும் சுற்றிக் கிருமி தாராளமாக வளரும், கோ-அமொக்ஸிகிளாவைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம் விழும். நாட்கள் போக, அந்தப் புள்ளிகள் காய்ந்து சுருங்கும். மண்வாசனை வரும் என்பார்கள், ஆனால் மணந்து பார்க்கவே கூடாது. மூச்சு வழியாகத் தொற்றும். கல்ச்சர் ஏறக்குறைய 60 சதவீத நோயாளிகளில்தான் பிடிக்கும். அதனால் ஒருமுறை வராவிட்டாலும் சந்தேகம் இருந்தால் திரும்ப அனுப்ப வேண்டும்.

ஆய்வுகூடத்தைவிடப் பெரிய பரிசோதனை வாட்டில் கேட்கும் ஒரு கேள்விதான் என்பேன்: “ஐயா, வயலுக்குள்ள இறங்கினனீங்களோ?” சந்தேகமே வராவிட்டால் வழக்கமான மருந்துகள் ஏறும். ஜென்டமைசின் பயன்படாது, செஃப்ட்ரியாக்ஸோனையும் நம்ப முடியாது.

சரியான மருந்து செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம். ஊசியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள். உள்ளே கட்டி இருந்தால் 4 கிழமைக்கு மேல். சரியான மருந்து ஏறினாலும் காய்ச்சல் இறங்க ஒரு கிழமைக்கு மேல் பிடிக்கலாம். வீட்டாருக்கு அது பெரிய சோதனை, டொக்டரையும் மருந்தை மாற்றத் தூண்டும். அப்புறம் வீட்டில் கோ-டிரைமொக்ஸசோல் குளிசை, குறைந்தது 3 மாதம். இடையில் தோலில் தடிப்பு வருகிறதா, சிறுநீரகமும் பொட்டாசியமும் எப்படி என்று கிளினிக்கில் பார்ப்பார்கள். உடம்பு தேறியதும் பலர் நிறுத்திவிடுவது இந்தக் குளிசையைத்தான். கலங்களுக்குள் ஒளிந்திருந்தது அப்படியே இருக்கும்; மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கழித்து அதே கிருமி மீண்டும் கிளம்பும்.