சுருண்டு பந்தாகும் பாம்பு

வன்னியில் கோழி வளர்ப்போருக்கு வெங்கிணாந்தியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குளக்கட்டோரப் பற்றையில் பகலெல்லாம் கிடந்துவிட்டு, இரவில் கூட்டுக்குள் புகுந்து, கோழியை விழுங்கிய வயிற்றோடு வந்த இடைவெளியால் திரும்பிப் போக முடியாமல் விடியும்வரை அங்கேயே கிடக்கும் அந்தப் பாம்புதான் இலங்கையின் மிகப்பெரிய பாம்பு. அதைக் கண்டு வளர்ந்தவர் கிளிநொச்சியில் இருக்கும் என் பெரியம்மா. ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய பேரன், கைபேசித் திரையில் தன் கழுத்தைச் சுற்றிக் கிடந்த சிறிய பாம்பொன்றைக் காட்டியபோது, அவர் கேட்ட முதற் கேள்வி “உது கடியாதோ ராசா?” என்பதுதான். அந்தப் பாம்பை ஏன் உலகெங்கும் இத்தனை பேர் விரும்பி வளர்க்கிறார்கள் என்பதற்கான விடை பெரும்பாலும் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

அவன் வளர்ப்பது ஆங்கிலத்தில் போல் பைதன் எனப்படும் பந்துப் பாம்பு. அதன் அறிவியற் பெயர் பைதன் ரெஜியஸ். ரெஜியஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு அரசனுக்குரியது என்று பொருள். நம்முடைய வெங்கிணாந்தியும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் வெங்கிணாந்தி மூன்று மீற்றரைத் தாண்டியும் வளரும். பந்துப் பாம்போ பெரும்பாலும் 90 முதல் 150 சென்ரிமீற்றர் நீளத்தோடு நின்றுவிடும். செனகல் தொடங்கி உகண்டா வரை பரந்துள்ள ஆபிரிக்கப் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும், எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் அது பகலைக் கழிக்கிறது. ஒடுங்கிய பொந்தில் வாழும் உயிருக்கு எதிர்த்துத் தாக்குவதைவிட ஒடுங்கிக்கொள்வதே இலாபமான தற்காப்பு. ஆபத்தை உணர்ந்ததும் அது தலையை நடுவில் வைத்து, தடித்த உடலை இறுக்கமாகச் சுற்றிப் பந்தாகிவிடுகிறது. பகை விலங்கின் வாய்க்குக் கிடைப்பது முதுகுத் தசையே, தலை கிடைப்பதில்லை.

பெரியம்மாவின் கேள்விக்கு, மிக அரிதாகவே கடிக்கும் என்பதும், கடித்தாலும் நஞ்சில்லை என்பதும் விடை. ஆனால் வளர்ப்போர் அதன் சாந்தம் என்று போற்றுவது, தொடக்கத்திலேனும், அதன் அச்சம் என்பதை மறக்கக் கூடாது. நாளடைவில், தொடும் கை தீங்கு செய்வதில்லை என்று பழகியபின் அது பந்தாவதை விட்டு, நாக்கை நீட்டிக் காற்றிலுள்ள மணத்துகள்களைச் சேர்த்து, மேலண்ணத்தில் உள்ள மோப்ப உறுப்பால் ஆளை ஆராயத் தொடங்கும். கையைச் சுற்றிக்கொண்டு கிடப்பதைப் பாசம் என்று சொல்வோர் உண்டு. தானாக உடற்சூட்டை உண்டாக்காத உயிருக்கு மனிதத் தோல் ஒரு வெதுவெதுப்பான கிளை என்ற விளக்கமே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. அதனால் அந்த இன்பம் குறைந்துவிடுவதில்லை. உலர்ந்த, வழவழப்பான செதில்களுக்குக் கீழே ஒவ்வொரு தசையும் தனித்தனியே நகர்வதை உள்ளங்கையில் உணர்வது வேறெந்த வளர்ப்பு விலங்கிடமும் கிடைக்காத அனுபவம்.

உடற்சூட்டை உண்டாக்காத இந்தத் தன்மைதான், வேலைக்குப் போய்வரும் நகரத்தவரின் வீட்டுக்கு அது பொருந்துவதற்கும் காரணம். நாயோ பூனையோ உண்பதில் பெரும்பங்கை உடலைச் சூடாக வைத்திருக்கவே எரிக்கிறது. அதே எடையுள்ள ஊர்வன ஓய்வில் செலவிடுவது அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆகவே வளர்ந்த பந்துப் பாம்புக்கு ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஓர் எலி போதும். சில வேளைகளில் மாதக்கணக்கில் உண்ண மறுத்தும் நலமாக இருக்கும். இதன் மறுபக்கம், சூட்டை வளர்ப்பவரே தர வேண்டும் என்பது. கூண்டின் ஒரு பக்கம் 32 பாகை செல்சியஸ் அளவிலும் மறுபக்கம் 26 பாகை அளவிலும் இருந்தால்தான், தேவைக்கேற்ப இடம் மாறி அது உணவைச் செரிக்க முடியும். கனடாவில் இதற்கு மின்சூடாக்கி வேண்டும். வன்னியின் சித்திரை வெயிலில், அந்தக் குளிர்ந்த பக்கத்தை அமைப்பதே பெரும்பாடாகியிருக்கும்.

அதன் மேலுதட்டில் வரிசையாகச் சில குழிகள் தெரியும். இருட்டில் எலியின் உடற்சூட்டை உணரும் உறுப்புகள் அவை. குழியின் நரம்புகளில் டிஆர்பிஏ1 என்ற புரதம் இந்த வேலையைச் செய்வதை, பின்னர் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 2010இல் வெளியிட்டது. மனிதரிடமும் அதே புரதம் உண்டு. கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் காரத்தை நமக்கு உணர்த்துவது அதுதான்.

நிறங்களின் கதை இவ்வளவு இனிமையானதல்ல. இயல்பான பந்துப் பாம்பு கரும்பழுப்பில் வெளிர்பழுப்புத் திட்டுகள் கொண்டது. மெலனின் என்ற கருநிறமியை உண்டாக்கும் மரபணு பழுதுபட்டால் கருமை நீங்கி, மஞ்சளும் வெள்ளையும் எஞ்சும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தப் பழுதைப் பெற்ற குஞ்சு மட்டுமே அந்நிறத்தைக் காட்டும். பழுதை மறைவாகச் சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நான்கு குஞ்சுகளில் ஒன்று அவ்வாறு பொரிக்கும். 1992இல் இந்த வெண்மஞ்சள் வகை வளர்ப்பில் பெறப்பட்டபின், மரபணுக்களைக் கலந்து புதுப்புது நிறங்களை உண்டாக்குவதே பலருக்குப் பொழுதுபோக்காகவும் வணிகமாகவும் ஆனது. ஸ்பைடர் எனப்படும் வகையில் சிலந்திவலை போன்ற கோலத்தைத் தரும் அதே மரபணு உட்காதின் சமநிலை உறுப்பையும் குலைப்பதால், அந்தப் பாம்பு தலையை ஆட்டிக்கொண்டும் திருகிக்கொண்டும் வாழ நேரிடுகிறது. அது தெரிந்த பின்னும் அதைப் பெருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

டோகோ, கானா, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து காட்டுப் பாம்புகளும், சினையாகப் பிடிக்கப்பட்ட தாய்ப்பாம்புகளின் குஞ்சுகளும் பெருமளவில் ஏற்றுமதியாகின்றன. அதே பெனினின் ஊய்டா நகரில் இந்தப் பாம்புக்கென்றே ஒரு கோயில் உண்டு. அங்கு வீட்டுக்குள் நுழைந்த பாம்பை அடிக்காமல் கோயிலில் கொண்டுபோய் விடுவார்கள். பாம்புத் தெய்வமான புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்கும் நமக்கு அது புரியக்கூடிய வழக்கந்தான். பேரன் வளர்ப்பதைப் பார்த்துவிட்டு, இங்கே வெங்கிணாந்திக் குட்டியைப் பிடித்து வளர்க்கலாமா என்று கேட்கும் இளைஞர்களுக்கு விடை சுருக்கமானது: அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கூட்டில் அகப்பட்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை.

பந்துப் பாம்பு வளர்ப்பில் 20 முதல் 30 ஆண்டுகள் வாழ்வது வழமை. அமெரிக்காவின் சென் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில், 1961இல் வந்து சேர்ந்த ஒரு பெண் பாம்பு, பல ஆண்டுகள் ஆணின் துணையில்லாமலே 2020இல் ஏழு முட்டைகளை இட்டது. அப்போது அதற்கு 62 வயதளவில் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இதை நான் சொன்னதும் பெரியம்மா மீண்டும் திரையருகே குனிந்து பேரனிடம் கேட்டார்: “நீ கம்பசுக்குப் போனால் உதை ஆர் பாக்கிறது?” அவன் பாம்பைக் கழுத்திலிருந்து கழற்றி மெல்லக் கூண்டுக்குள் விட்டான்.