பீரோவை நீங்களே ஒழியுங்கள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பல வீடுகளில் அப்பாவின் பீரோவைத் திறக்கிறார்கள். அடுத்த வாரமே ஒரு மஞ்சப்பையோடு என்னிடம் வந்துவிடுவார்கள். நான் சொத்து, வாரிசு விவகாரங்களைப் பார்க்கும் வக்கீல். அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று சொல்கிறேன்: எப்போதோ பணம் எடுத்துவிட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டின் ஜெராக்ஸ், மூடிய கணக்கின் பாஸ்புக், விற்றுவிட்ட மனையின் வில்லங்கச் சான்று, மீட்டுவிட்ட நகையின் அடகுச் சீட்டு. இதற்கு நடுவே மடித்த மடிப்பில் கிழிந்துபோன ஒரு பங்குப் பத்திரம். அது மட்டும் இன்னும் செல்லும்.

எது செல்லும், எது செல்லாது என்று தெரிந்தவர் அந்த அப்பா ஒருவர்தான். பிள்ளைகள் வேலைக்கு லீவு போட்டு ஒவ்வொரு வங்கியாக ஏறி இறங்குகிறார்கள்.

பங்குப் பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பங்கை அப்படியே விற்க முடியாது, டீமேட், அதாவது மின்னணு வடிவம் ஆக்கியாக வேண்டும். 7 ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்டை, அதாவது கம்பெனி தரும் லாபப் பணத்தை, வாங்காமல் விட்டால் பங்கே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். மீட்கலாம். ஆனால் ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் முழுப்பெயர் என்று இருந்தால் வாரிசுகள் படும் பாடு கொஞ்சமில்லை. நீங்கள் இருக்கும்போது இதைச் சரிசெய்வது எவ்வளவோ சுலபம். வங்கியில் 10 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் பணமும் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. அதைத் தேட 2023 முதல் ‘உத்கம்’ என்ற இணையதளம் இருக்கிறது.

“நாமினி போட்டாச்சு சார், அப்புறம் என்ன?” என்பார்கள். பங்குகளுக்கு நாமினி ஆனவர் அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் செய்துவிடுங்கள் என்றே நான் சொல்வேன்.

பாத்திரம், பட்டுப்புடவைக்காக யாரும் கோர்ட்டுக்கு வருவதில்லை. ஆனால் மனம் முறிவது அங்கேதான். வீட்டைச் சுமுகமாகப் பாகம் பிரித்துக்கொண்ட அக்காளும் தங்கையும் ஒரு வெண்கல உருளிக்காகப் பேச்சை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். “அம்மா எனக்குத்தான்னு சொன்னாங்க” என்றார்கள், இருவருமே. யாருக்கு எது என்று நினைத்திருக்கிறீர்களோ, அதை இந்தப் பொங்கலுக்கே உங்கள் கையால் கொடுத்துவிடுங்கள். பரணில் இருக்கும் மற்றதைப் பழைய பாத்திரக் கடைக்கு அனுப்பலாம்.

காகிதங்களை ஒழிக்கும்போது மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். வங்கிக் கிளை, பாலிசி எண், லாக்கர் சாவி இருக்குமிடம் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். செல்லாததைக் கிழித்துப் போடுங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, கடனை அடைத்ததற்கு வங்கி கொடுத்த ரசீது, பென்ஷன் ஆணை ஆகியவற்றில் மட்டும் கைவைக்காதீர்கள். உங்களுக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்க அந்த ஆணையைத்தான் முதலில் கேட்பார்கள்.