பரோட்டா மேல் விழும் பழி

மதுரை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கிளினிக் வைத்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. சனிக்கிழமை வந்திறங்கி, மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு, ராத்திரி கடை கடையாக ஏறி இறங்கிய வெளியூர்க்காரர்கள் காலையில் துவண்டுபோய் வந்து உட்காருவார்கள். சொல்லிவைத்த மாதிரி எல்லோருக்கும் ஒரே புகார்: "ராத்திரி பரோட்டா ஒத்துக்கலை டாக்டர்."

கோயம்புத்தூர் தம்பி ஒருவரும் அதையேதான் சொன்னார்.

"வாந்தி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

"ஒரு மணி இருக்கும் சார்."

"பரோட்டாவுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

"பத்து மணிக்கு ரோட்டுக் கடையில நாலு இட்லி. தேங்காய்ச் சட்னி."

லேபில் பார்க்காமல் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் என் சந்தேகம் சட்னி மேல்தான். பரோட்டா கல்லில் வெந்து கண்ணெதிரே இலைக்கு வருகிறது. சால்னா கொதித்துக்கொண்டே இருக்கிறது. கறிதோசையும் அப்படித்தான். தேங்காய்ச் சட்னியோ அடுப்பையே பார்க்காதது. சாயங்காலம் அரைத்தது வாளியில், மதுரை வெக்கையில், ராத்திரி வரை நிற்கும். அடியில் கொஞ்சம் கிடக்கும்போதே புதுசை அதன் மேல் ஊற்றுவார்கள். கடை மூடும்வரை அந்த வாளியில் ஐந்து மணிச் சட்னி இருந்துகொண்டேதான் இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் கிருமிக்குக் கொண்டாட்டம். பரிமாறும் கையிலிருந்து ஸ்டெபைலோகாக்கஸ் என்ற கிருமி விழுந்து நஞ்சைச் சுரந்துவிட்டால், அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வாந்தி. அதற்குப் பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

நான் கையேந்தி பவனில் சாப்பிடுகிறவன்தான். சாம்பார், வதக்கி அரைத்த காரச் சட்னி, பொடி எண்ணெய் என்று கேட்டு வாங்கிக்கொள்வேன். என்னை ஒரு தடவை இரண்டு நாள் படுக்கவைத்தது வேறொரு ஊரில், ஏசி ஓட்டல் பஃபே. மதியம் வடித்த சோற்றில் செய்த ஃப்ரைட் ரைஸ், வெதுவெதுப்பான தட்டில். சோறு ஆறிக் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளரும். இடம் பளபளப்பாக இருப்பதைவிட, சரக்கு சீக்கிரம் தீர்ந்து புதுசாக வருகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

கடைசியாகச் சாப்பிட்டதையே குற்றவாளியாக்கும் பழக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. டைபாய்டு பெரும்பாலும் 1 முதல் 3 வாரம் கழித்துத் தலைகாட்டும். ஹெபடைட்டிஸ் ஏ வகை மஞ்சள் காமாலைக்கு 15 முதல் 50 நாள். ஊர் திரும்பி மாதம் ஒன்றான பிறகு கண் மஞ்சளித்தால், மாசி வீதியில் குடித்த ஒரு டம்ளர் தண்ணீர் யாருக்கு ஞாபகம் வரும்? ஐஸும் தண்ணீர்தான். கோணிச்சாக்கில் சுற்றி வரும் ஐஸ் பார், தரையில் கிடத்தி, கட்டையால் உடைபட்டு, கரும்புச் சாற்றுக்குள் போகிறது. "ஐஸ் வேண்டாம்ணே" என்று சொன்னால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். சுடச்சுடக் கிடைக்கும் பருத்திப்பாலுக்கு இந்தக் கவலையே இல்லை.

பச்சை முட்டை மயோனைஸையும் தொடாதீர்கள். தமிழக அரசே 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது.

அப்படியும் வயிறு கெட்டுவிட்டால் ஓஆர்எஸ் என்கிற உப்பு சர்க்கரைக் கரைசல். 1 லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிப்பவர்களைப் பார்க்கிறேன். உப்பு அளவுக்கு மீறிப்போகும். பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக்கூடாது. அந்த அறிகுறிகள் இருந்தாலும், 6 மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை என்றாலும், கைக்குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவரோ துவண்டுவிட்டாலும், ஊர் போய்ப் பார்த்துக்கலாம் என்று பஸ் ஏறிவிடாதீர்கள்.